'ஓபன்' பிரிவில் பெண்கள் ஆடலாமா? 1976-ல் நீதிமன்றம் வரை போன கேள்வியும், இன்றைய செஸ் கணக்கும்

நீங்கள் திருவனந்தபுரம் வலியசாலையில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று பலர் சொல்லும் அதே வலியசாலை. காலையில் டெக்னோபார்க், இரவில் வீடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் மூச்சு விடுகிற வாழ்க்கை. உங்கள் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. செஸ் வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது என்று கோச் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்கிறார். பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் நிரப்பியாச்சு. கடைசியில் 'பிரிவு' என்று ஒரு கட்டம். அதில் இரண்டே தேர்வுகள்: ஓபன், கேர்ள்ஸ்.

"கேர்ள்ஸ்தானே, போட்டு விடு" என்கிறார் அக்கா. பின்னாலிருந்து குழந்தை கேட்கிறாள்: "ஓபன்னா பாய்ஸா?"

இல்லை. ஓபன் என்றால் பாய்ஸ் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்கும் நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் படிக்கிறோம். அப்படிப் படிப்பதில் என்ன தப்பு, அந்த ஒரு டிக் ஒரு பெண்ணின் ஆட்டத்தில் எதையெல்லாம் மாற்றும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், துபாயில் என்ன நடந்தது?

ஆண்களோடு பெண்கள் மோதலாமா என்ற பேச்சு வந்தாலே முதலில் நினைவுக்கு வருவது டென்னிஸ்தான். 1973-ல் பில்லி ஜீன் கிங், பாபி ரிக்ஸை நேர் செட்களில் வென்ற ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. அப்போது கிங்குக்கு வயது 29, ரிக்ஸுக்கு 55. 2025 டிசம்பர் 28 அன்று துபாயில் அதே பெயரைச் சொல்லி இன்னொரு ஆட்டம் நடந்தது. பெண்கள் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அரினா சபலென்காவை நிக் கிர்கியோஸ் 6-3, 6-3 என்று வென்றார். காயங்களால் அதிகம் ஆடாமல் இருந்த கிர்கியோஸ் தரவரிசையில் எங்கோ கீழே இருந்தவர். சபலென்காவின் பக்கம் கோர்ட் 9 சதவீதம் சிறியதாக்கப்பட்டிருந்தது. இருவருக்கும் ஒரே ஒரு சர்வீஸ்தான்.

இந்த ஆட்டத்தால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. கோர்ட்டை மாற்றி, விதியை மாற்றி, நடுவில் சிரித்துப் பேசி ஆடிய ஒரு காட்சிப் போட்டி அது. யாருடைய தரவரிசையும் மாறவில்லை. பெண்கள் ஆண்களோடு ஆடினால் உண்மையில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால், அது தினசரி நடக்கிற, புள்ளியும் பணமும் பட்டமும் பந்தயத்தில் இருக்கிற ஒரு விளையாட்டைத்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அது செஸ்.

1976: ரோஹிணி காடில்கர் போட்ட வழக்கு

மும்பையில் 'நவாகாள்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் நீலகண்ட் காடில்கர். அவருடைய மகள்கள் வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோஹிணி மூவருமே செஸ் ஆடினார்கள். 1970-களில் பெண்கள் தேசியப் பட்டம் இந்த வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை என்றே சொல்லலாம். மூவரில் இளையவர் ரோஹிணி. 1976-ல் 13 வயதில் பெண்கள் தேசிய சாம்பியன்.

அதே ஆண்டு அவர் ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடினார். அதுவரை எந்தப் பெண்ணும் அதில் ஆடியதில்லை. எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் இந்தப் போட்டியில் எப்படி ஆடலாம் என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு ரோஹிணிக்குச் சாதகமாக வந்தது. விவகாரம் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே வரை எட்டியது. அன்றைய ஃபிடே தலைவர் மேக்ஸ் யூவே, தேசியப் போட்டியோ சர்வதேசப் போட்டியோ, பெண் என்ற காரணத்துக்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று முடிவு சொன்னார்.

ரோஹிணி அந்தப் போட்டியில் பட்டம் வெல்லவில்லை. ஆனால் மூன்று மாநில சாம்பியன்களைத் தோற்கடித்தார். 13 வயதில்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர் கேட்டது சலுகை இல்லை. போர்டைச் சின்னதாக்குங்கள் என்றோ, எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாகக் கொடுங்கள் என்றோ கேட்கவில்லை. எல்லோரும் உட்காரும் நாற்காலியில் நானும் உட்கார்கிறேன் என்றார், அவ்வளவுதான்.

யூவே ஏன் அப்படிச் சொன்னார்?

இதற்குப் பின்னால் சுவாரசியமான ஒரு பழைய கதை இருக்கிறது. யூவே 1935 முதல் 1937 வரை உலக சாம்பியனாக இருந்தவர். அதற்கு முன்பே ஒரு பெண்ணிடம் தோற்ற அனுபவம் அவருக்கு இருந்தது, அதுவும் இரண்டு முறை. அந்தப் பெண் வேரா மெஞ்சிக், 1927-ல் முதல் மகளிர் உலக சாம்பியன் ஆனவர்.

1929-ல் கார்ல்ஸ்பாட் போட்டிக்கு மெஞ்சிக்கை அழைத்தபோது, ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரர் கிண்டலடித்தார். இந்தப் பெண்ணிடம் தோற்கிறவர்கள் எல்லாம் 'வேரா மெஞ்சிக் கிளப்' உறுப்பினர்கள் என்றார். கடைசியில் அந்தக் கிளப்பின் முதல் உறுப்பினர் ஆனது பெக்கரேதான். பிறகு யூவேயும் அதில் சேர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபிலிருந்து லண்டன் போய் உலகின் பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் மிரட்டிய மீர் சுல்தான் கானும் சேர்ந்தார். சுல்தான் கானை இங்கிலாந்துக்கு அழைத்துப் போன சர் உமர் ஹயாத் கானின் வீட்டில் பணிபுரிந்த ஃபாத்திமா என்ற இளம் பெண், 1933-ல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தையே வென்றார் என்பது இந்தியர்களான நமக்கே அதிகம் தெரியாத தகவல்.

தோற்ற அனுபவம்தான் யூவேயின் மனதை மாற்றியது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பெண்கள் எதிரே உட்கார்ந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று அவரிடம் யாரும் கதை சொல்லியிருக்க முடியாது.

ஒரு முடிவு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஹங்கேரியின் சூசன் போல்கர் 1986-ல் ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பின் மண்டலச் சுற்றுக்குத் தகுதி பெற்றும் ஆட விடப்படவில்லை. பெயரில் 'ஆண்கள்' இருந்ததுதான் சிக்கல். அதற்குப் பிறகுதான் அந்தக் கதவும் திறந்தது.

சரி, இன்றைய விதி என்ன?

இன்று உலக செஸ்ஸில் 'ஆண்கள் பிரிவு' என்று எதுவும் கிடையாது. இருப்பது 'ஓபன்' பிரிவு, 'மகளிர்' பிரிவு. ஓபனில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். மகளிர் பிரிவில் பெண்கள் மட்டும். ஒலிம்பியாடிலும் இதே கதைதான். ஓபன் அணியில் ஒரு பெண் இடம்பெறலாம். ஜூடித் போல்கர் ஹங்கேரிக்காக அப்படி ஆடியிருக்கிறார்.

பட்டங்களிலும் இரண்டு வரிசை. கிராண்ட்மாஸ்டர் ஆக ரேட்டிங் 2500-ஐத் தொட வேண்டும். கூடவே மூன்று 'நார்ம்' வேண்டும். நார்ம் என்றால், குறைந்தது 9 சுற்று கொண்ட ஒரு போட்டியில் 2600 அளவுக்கு ஆடிக் காட்டுவது. எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்காவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். விமன் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 ரேட்டிங் போதும். அதாவது அது இன்டர்நேஷனல் மாஸ்டருக்குத் தேவையான 2400-ஐ விடக் குறைவு. இந்தியாவின் முதல் விமன் கிராண்ட்மாஸ்டர் சென்னையின் எஸ். விஜயலட்சுமி, 2001-ல் அந்தப் பட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டே கோனேரு ஹம்பி 15 வயதில் முழு கிராண்ட்மாஸ்டர் ஆனார். இந்தியப் பெண்களில் முதல்வர். 2011-ல் ஹரிகா. அதற்குப் பிறகு மூன்றாவது பெண் வர 12 ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் இப்போது 90-க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? 2025 முடிவு வரை நான்கே பேர்: ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா தேஷ்முக்.

கதவு திறந்து கிட்டத்தட்ட 50 ஆண்டுகள். பிறகும் ஏன் நான்கு?

ரேட்டிங் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்

அந்த ஃபார்மில் நீங்கள் போடும் டிக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

செஸ் ரேட்டிங் என்பது யாரோடு ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு 2400 இருக்கிறது, எதிராளிக்கு 2200 என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் ஜெயித்தால் உங்களுக்குக் கிடைப்பது 2.4 புள்ளி. டிரா ஆனால் 2.6 புள்ளி போய்விடும். தோற்றால் 7.6 போய்விடும். 2200 அளவிலான பத்து பேரோடு ஆடினால், 7.6 புள்ளி எடுத்தால்தான் இருக்கிற இடத்தில் இருக்க முடியும். மேலே ஏறுவது அப்புறம்.

இப்போது தலைகீழாக்குங்கள். எதிராளி 2600. ஜெயித்தால் 7.6 கிடைக்கும். டிரா செய்தாலே 2.6. தோற்றால் போவது வெறும் 2.4.

மகளிர் போட்டிகளில் மட்டும் ஆடும் ஒரு நல்ல ஆட்டக்காரருக்கு முதல் வகைக் கணக்குதான் அதிகம் வாய்க்கும். ரேட்டிங் ஒரு வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கிராண்ட்மாஸ்டர் நார்முக்குத் தேவையான வலுவான எதிராளிகள் அங்கே குறைவு. ஆகவே மேலே போக நினைக்கும் பெண் ஓபனுக்கு வந்தே ஆக வேண்டும். ஜூடித் போல்கர் இதைச் சின்ன வயதிலேயே புரிந்துகொண்டவர். மகளிர் உலக சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடவே இல்லை. 2005-ல் உலகத் தரவரிசையில் 8-வது இடம், 2735 ரேட்டிங், 2002-ல் ரேபிட் ஆட்டம் ஒன்றில் காஸ்பரோவ் மீது வெற்றி. எல்லாமே ஓபனில்.

2017 ஜிப்ரால்டர் போட்டியில் சீனாவின் ஹூ யிஃபான் எதற்காகக் கோபப்பட்டார் என்பதும் இப்போது புரியும். அது ஓபன் போட்டி. ஆனால் அவருடைய முதல் 9 எதிராளிகளில் 7 பேர் பெண்களாக அமைந்தார்கள். கடைசிச் சுற்றில் இந்திய கிராண்ட்மாஸ்டர் லலித் பாபுவுக்கு எதிராக ஐந்தே நகர்த்தலில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எதிர்ப்பைக் காட்டினார். ஜோடி சேர்த்தது கம்ப்யூட்டர்தான், சதி இல்லை என்றார்கள் நடத்தியவர்கள். எப்படியோ, ஓபனில் ஆட வந்தவர் தேடி வந்தது அது இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

சென்னையின் வைஷாலி ரமேஷ்பாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் செஸ் கற்றுக்கொண்டார், தம்பி பிரக்ஞானந்தா அக்காவைப் பார்த்து வந்தார். ஒரே வீடு, ஒரே அம்மா நாகலட்சுமி, ஒரே கோச் ஆர்.பி. ரமேஷ். 2013-ல் சென்னை வந்த மேக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய காட்சி ஆட்டத்தில் 12 வயது வைஷாலி அவரை வென்றார்.

தம்பி 2018-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். அக்கா 2500-ஐத் தாண்டியது 2023 டிசம்பரில், 22 வயதில். உலகிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் அக்கா-தம்பி ஜோடி என்று நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் வைஷாலி அந்தப் பட்டத்தை எங்கே முடித்தார் என்று பாருங்கள். கடைசி நார்ம் கத்தார் மாஸ்டர்ஸில். 2500-ஐத் தாண்டியது ஸ்பெயினின் எல் யோப்ரெகாட் ஓபனில். இரண்டுமே எல்லோரும் ஆடும் போட்டிகள்.

அப்படியானால் பெண்கள் பிரிவே வேண்டாமே?

அவசரப்படாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அதே வைஷாலியின் 2025-ஐப் பாருங்கள்.

ஆகஸ்டில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில் வைஷாலியும் ஹரிகாவும் ஆண்களோடு ஆடினார்கள். வைஷாலிக்குத் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோல்வி. சொந்த ஊரில், தெரிந்த முகங்களுக்கு முன்னால். ஏழு தோல்வி என்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, தோற்று, கை கொடுத்து, மறுநாள் திரும்ப வந்து உட்கார வேண்டும்.

அடுத்த சில வாரங்களில், செப்டம்பரில், உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் மகளிர் கிராண்ட் ஸ்விஸ். அதை வைஷாலி வென்றார். 2023-லும் அவர்தான் சாம்பியன். அந்த வெற்றியால் மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு நேரடி இடம். அதாவது மகளிர் உலகப் பட்டத்துக்கு மோத ஒரு வாய்ப்பு.

மகளிர் பிரிவு என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்? சென்னைத் தோல்விக்குப் பிறகு அவருக்குத் திரும்பி எழ ஒரு மேடை இருந்திருக்காது. பரிசுப் பணமும் ஸ்பான்சரும் தலைப்புச் செய்தியும் இருந்திருக்காது. வேலையை விட்டுவிட்டு செஸ்ஸே தொழில் என்று ஒரு பெண் முடிவெடுக்க வேண்டுமானால் மாதக் கணக்கு சரியாக வர வேண்டும். ஓபனில் 40-வது இடம் பிடித்தால் ரேட்டிங் ஏறலாம், வாடகை கட்ட முடியாது.

ஆனால் அந்தப் பணத்திலும் இடைவெளி இருக்கிறது. 2025 மகளிர் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக்குக் கிடைத்தது 50,000 டாலர். அதே ஆண்டு கோவாவில் நடந்த ஓபன் உலகக் கோப்பையின் முதல் பரிசு 1,20,000 டாலர்.

திவ்யாவின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பாதுமியில் நடந்த இறுதிப் போட்டியில் ஹம்பியை வென்று அவர் நேரடியாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். நார்ம் எதுவும் தேவைப்படவில்லை, ஃபிடே விதியில் அதற்கு இடம் உண்டு. "நார்மே இல்லாம ஜிஎம்மா?" என்று இணையத்தில் சிலர் முனகினார்கள். திவ்யா என்ன செய்தார்? சில வாரங்கள் கழித்து, சமர்கண்டில் மகளிர் பிரிவை விட்டுவிட்டு ஓபன் கிராண்ட் ஸ்விஸ்ஸில் ஆடினார். உலக சாம்பியன் குகேஷோடு டிரா. எகிப்தின் பாசெம் அமீன் மீது வெற்றி. பிறகு கோவா உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே 0-2 என்று தோற்று வெளியேறினார். ஏற்றமும் இறக்கமும் கலந்த கணக்குதான். அந்த மேடையில் ஆடும் 19 வயதுப் பையன்களுக்கும் கணக்கு அப்படித்தான் இருக்கும். அவர்கள் தோற்றால் அது ஒரு தோல்வி. திவ்யா தோற்றால் மட்டும் "பெண்களுக்கு எதுக்கு ஓபன்" என்று ஆரம்பிக்கிறோம்.

இடைவெளிக்குக் காரணம் மூளையா?

இந்தக் கேள்வி வராமல் இந்த விவாதம் முடியாது. வரட்டும், பேசுவோம்.

உலகில் ரேட்டிங் பெற்ற செஸ் ஆட்டக்காரர்களில் பெண்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். இது ஏன் முக்கியம்? ஒரு பள்ளியில் 160 பேர் ஓடுகிறார்கள், இன்னொரு பள்ளியில் 10 பேர் ஓடுகிறார்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சராசரியில் சமம் என்றாலும், மிக வேகமான பிள்ளை 160 பேர் கொண்ட பள்ளியிலிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம். உச்சியை மட்டும் வைத்து இரண்டு பள்ளிகளின் திறமையை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவோம்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வு ஜெர்மனியின் 1,20,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் தரவை எடுத்தது. அங்கே ஆண்-பெண் விகிதம் 16-க்கு 1. முதல் 100 ஆண்களுக்கும் முதல் 100 பெண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் 96 சதவீதத்தை இந்த எண்ணிக்கை வித்தியாசமே விளக்கிவிடும் என்றது. அடுத்த ஆண்டே வேறொருவர் அதே கேள்வியை வேறு முறையில் கணக்கிட்டு, விளக்குவது மூன்றில் இரண்டு பங்குதான் என்றார். எனவே எல்லாமே எண்ணிக்கைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பங்கு எண்ணிக்கை என்பதை இரண்டு கணக்குமே ஒப்புக்கொள்கின்றன. மீதியை மூளை மீது போடுவதற்கு முன், கண்ணுக்குத் தெரிகிற காரணங்களை முதலில் எண்ணிப் பார்க்கலாமே.

பையன் 14 வயதில் தனியாக ரயில் ஏறிப் போட்டிக்குப் போவான். பெண் என்றால் கூட ஒருவர் போக வேண்டும், அறை எடுக்க வேண்டும், அவருக்கும் லீவு வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும் எந்தப் பிள்ளையின் செஸ் முதலில் நிற்கிறது என்று உங்கள் சொந்தக்காரர் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். ஆட்ட அரங்கிலும் விஷயம் வேறு. 2024-ல் நெதர்லாந்தில் டாடா ஸ்டீல் போட்டி முடிந்ததும் 18 வயது திவ்யா வெளிப்படையாக எழுதினார்: தன் ஆட்டத்தைப் பார்க்காமல் முடி, உடை, பேச்சு பற்றியே பார்வையாளர்கள் பேசுகிறார்கள் என்று. பக்கத்து போர்டில் இருந்த பையனின் சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.

உடல் வலு தேவைப்படும் ஆட்டங்களில் இது பொருந்துமா?

இல்லை, அப்படியே பொருந்தாது. 400 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 43.03 விநாடி, பெண்கள் சாதனை 47.60. சுமார் 10 சதவீத வித்தியாசம். பருவ வயதுக்குப் பிறகு தசை, எலும்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லாம் மாறுவதால் வருவது இது. இங்கே தனிப்பிரிவு இல்லாவிட்டால் இறுதிச் சுற்றில் ஒரு பெண்ணைக்கூடப் பார்க்க முடியாது. தடகளத்தில் பெண்கள் பிரிவு இல்லாவிட்டால் பி.டி. உஷா என்ற பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

அங்கேயும் சேர்ந்து ஆட வழி இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணியில் நான்கு பேரில் மூவர் தமிழர்கள்: ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நான்காவது ஆள், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மாவட்டமான கொல்லத்தின் முகமது அனஸ். தங்கள் ஹீட்டில் கடைசியாக வந்தார்கள், அது வேறு விஷயம். இந்தப் போட்டியில் முன்பு யார் எப்போது ஓடுவது என்பது அணியின் விருப்பம். 2019 தோகாவில் போலந்து முதலில் இரண்டு ஆண்களை ஓடவிட்டு, கடைசியில் பெண்களை நிறுத்தியது. மற்ற அணிகளின் ஆண்கள் துரத்தி வந்து பிடித்தார்கள். இப்போது ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசையே விதியாகிவிட்டது.

தசை பெரிதாக முடிவு செய்யாத ஆட்டங்களில் கதை வேறு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட் துப்பாக்கிச் சுடுதல் இருபாலருக்கும் பொது. சீனாவின் ஜாங் ஷான் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஸ்கீட்டில் இடமே இல்லை. தனிப்பிரிவும் இல்லை, பொதுப்பிரிவும் இல்லை. 2000-ல்தான் மகளிர் ஸ்கீட் வந்தது. தங்கம் வென்றவர் நடுவில் எங்கே போய்ச் சுடுவது?

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. மோட்டார் பந்தயத்தில் சென்னையின் அலிஷா அப்துல்லா ஆண்களோடு ஒரே டிராக்கில்தான் ஓட்டினார். பைக்குக்கு ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஸ்னூக்கரில், 2025-ல் தோகாவில் ஐபிஎஸ்எஃப் மகளிர் உலகப் பட்டத்தை வென்ற சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் ஆடும் மேசையும் குச்சியும் ஆண்களுக்கு உள்ளவையேதான். அந்த விளையாட்டின் தொழில்முறைச் சுற்று யாருக்கும் திறந்தது, மகளிர் உலகத் தொடரின் சாம்பியனுக்கு அதில் இரண்டு ஆண்டு இடமும் தருகிறார்கள். மகளிர் பிரிவில் ஜெயித்தால் பெரிய மேடைக்குப் போக ஒரு கதவு. இந்த ஏற்பாட்டை கேரம் உட்பட மற்ற ஆட்டங்களும் யோசிக்கலாம்.

தனிப்பிரிவுக்கு ஒரு விலை உண்டு

பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால், அதன் வாசலில் யாராவது நின்று "நீ பெண்தானா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் விலையை புதுக்கோட்டை மாவட்டம் கத்தகுறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் கட்டினார். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. செங்கல் சூளைக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் உடல் நாடு முழுக்கத் தொலைக்காட்சிச் செய்தி ஆனது. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளத்தில் பெண்கள் பிரிவில் ஆட மரபணுச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது.

தடகளத்தில் இந்தக் கேள்வியை முழுக்கத் தவிர்ப்பது கஷ்டம். அதைக் கேட்கும் விதமாவது மனிதத்தன்மையோடு இருக்கலாம். ஆனால் செஸ்ஸின் ஓபன் பிரிவில் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. அங்கே கேட்பது ஒன்றே ஒன்று: ரேட்டிங் எவ்வளவு?

கடைசியில், அந்த ஃபார்ம்

திரும்பவும் வலியசாலைக்கு வருவோம். அக்கா இன்னும் லைனில் இருக்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், குழந்தைக்குச் சரியாகச் சொல்லுங்கள். "ஓபன்னா பாய்ஸ் இல்லை, எல்லாரும். நீயும்." 13 வயதுப் பெண் ஒருத்தி நீதிமன்றம் வரை போய் வாங்கிக் கொடுத்த உரிமை அது என்றும் சொல்லுங்கள்.

அப்புறம் கோச்சிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது மாநிலத் தேர்வுப் போட்டியா? அப்படியானால் கேர்ள்ஸ் பிரிவில் ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் போக வாய்ப்பு அதிகமா? ஓபனில் ஆடினால் வலுவான எதிராளிகள் கிடைப்பார்களா? வார இறுதி ரேட்டிங் போட்டி என்றால் ஓபன் பெரும்பாலும் நல்ல பள்ளிக்கூடம். மாநில, தேசியத் தேர்வு என்றால் கேர்ள்ஸ் பிரிவு ஒரு நல்ல ஏணி. ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்றுக்குத் துரோகம் இல்லை. வைஷாலி செய்வதும் இதைத்தான்.

தவிர்க்க வேண்டியது, யோசிக்காமல் கை தானாக கேர்ள்ஸ் பக்கம் போவது. இன்று ஒரு முறை போனால் பரவாயில்லை. ஒன்பது வயதிலிருந்து பதினாறு வயது வரை ஒவ்வொரு ஃபார்மிலும் அப்படியே போனால், அவள் எதிரே உட்கார்ந்த எதிராளிகள் எப்போதும் அதே பத்தில் ஒரு பங்குக்குள்ளிருந்தே வந்திருப்பார்கள். ரேட்டிங் கணக்கு அதை மன்னிக்காது.

இந்த ஊர்க்காரரான கிராண்ட்மாஸ்டர் எஸ்.எல். நாராயணன், 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்தியாவின் ஓபன் 'ஏ' அணியில் ஆடினார். அதே அரங்கில் வைஷாலியும் ஹம்பியும் நிறைமாத கர்ப்பிணியான ஹரிகாவும் மகளிர் அணியில் ஆடி வெண்கலம் வென்றார்கள். இரண்டு அணிக்கும் போர்டு ஒன்றுதான், 64 கட்டம்தான்.

ஓபனில் டிக் போட்டு, முதல் போட்டியில் குழந்தை நாலு ஆட்டம் தோற்றுத் திரும்பினால் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? வரும் வழியில் ஏதாவது வாங்கிக் கொடுத்து, அந்த நாலு ஆட்டத்தையும் கோச்சோடு உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பையன் தோற்று வந்தால் அதைத்தானே செய்வீர்கள்?